காற்றுக்குக் கூலி

ஊவாவின் பசறைப் பக்கம் ஏதாவது ஒரு ஸ்டோருக்குள் இரவு ஏழு மணிக்கு மேல் போய் நின்றால், காற்று இரைவதுதான் முதலில் காதில் விழும். தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். மேல்மாடியில் நீளநீளமான தொட்டிகள். ஆறடி அகலம், எண்பது நூறடி நீளம். தொட்டிக்கு மேல் கம்பி வலை. அன்று மாலை லொறியில் வந்திறங்கிய பச்சைக் கொழுந்து அந்த வலையின்மேல் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பியிருக்கும். ஒரு தலைப்பில் பெரிய காற்றாடி, காற்றைத் தொட்டிக்குள் தள்ளி, வலை வழியாகக் கொழுந்துக்குள் ஏற்றிக்கொண்டே இருக்கும். வெட்டிய புல்லும் பச்சை ஆப்பிளும் கலந்தாற்போல் ஒரு வாசம்.

டீமேக்கர் வந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் வைத்து இறுக்குவார். கையைத் திறந்ததும் இலை சடசடவென்று விரிந்துகொண்டால் இன்னும் நேரம் கிடக்கிறது. பந்தாக அமுங்கி, மெல்ல மெல்ல விரிந்து, தண்டை மடித்தால் முறியாமல் வளைந்தால், வாட்டம் சரி. அதற்குள் அந்தக் காற்றாடி பன்னிரண்டு மணி நேரமோ, சில நாள்களில் பதினெட்டு மணி நேரமோ ஓடி முடித்திருக்கும்.

தேயிலை செய்வது என்றால் பெரும்பாலும் தண்ணீரை வெளியேற்றுவதுதான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிலோ பச்சைக் கொழுந்தில் 77 கிலோ தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 23 கிலோதான் சக்கை. வாட்டி முடிந்த இலையில் ஈரம் 55 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் அதன் எடை ஏறத்தாழ 51 கிலோ. அதாவது 49 கிலோ தண்ணீர் காற்றோடு போய்விட்டது. பிறகு ரோலரில் அரைபட்டு, புளித்து, டிரையருக்குள் நெருப்புச் சூட்டில் போய் வெளியே வரும்போது ஈரம் 3 சதவீதம், எடை 24 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டிரையர் வெளியேற்றிய தண்ணீர் 27 கிலோ. விறகு அடுப்பும் அதன் புகையும்தான் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். ஆனால் நெருப்பைப்போல ஏறக்குறைய இரு மடங்கு வேலையைக் காற்று சத்தமில்லாமல் செய்து முடித்திருக்கிறது.

ஊவாவில் அந்தக் காற்று ஒரு காலத்தில் இலவசம். ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். கச்சான் என்று சொல்கிறோமே, அதுதான். உலர்ந்த காற்று நூறு மீற்றர் கீழே இறங்கினால் ஏறத்தாழ ஒரு பாகை சூடாகும். சூடாகச் சூடாக இன்னும் தாகம் கொள்ளும். ஹப்புத்தளைக் கணவாயில் நின்றால் முகத்தில் அறைகிற அந்தக் காற்றில் தேயிலைச் செடியே வாடி, தன்னைக் காத்துக்கொள்ள உள்ளுக்குள் சில வாசனைப் பொருள்களைச் சுரக்கிறது. மெதைல் சலிசிலேற்று அவற்றில் முக்கியமானது. உடம்பு வலிக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசம் அதுதான். ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் தனியாகத் தெரிவதற்கு அந்த வாசம் ஒரு காரணம்.

பழைய ஸ்டோர்களைக் கட்டியவர்களுக்கு இந்தக் காற்றின் அருமை தெரிந்திருந்தது. 1890இல் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே கட்டிய டம்பேதென்ன ஸ்டோரைப் போல, பல மாடிகள், வரிசை வரிசையாக ஜன்னல்கள். சாக்குத் துணி கட்டிய தட்டுகளில் கொழுந்தை மெல்லிசாகத் தூவிவிட்டு ஜன்னலைத் திறந்தால் போதும், மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில்தான் தொல்லை. ஊவாவுக்குப் பெருமழை ஐப்பசிக்கும் தைக்கும் இடையில். அந்த நாள்களில் கொழுந்து வாடாமல் கிடந்து கெட்டுப்போகும். தொட்டியும் காற்றாடியும் அதற்காகத்தான் வந்தன. அதோடு காற்றுக்கு ஒரு விலையும் வந்துவிட்டது.

காற்றாடிக்கு ஒரு பூர்வீகம் உண்டு. இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை. சாமுவேல் டேவிட்சன் என்ற ஐரிஷ்காரர் அசாம் பக்கம் கச்சார் தோட்டங்களில் துரையாக இருந்தவர். தேயிலை உலர்த்தும் எந்திரங்களைச் செய்து பார்த்து, 1881இல் பெல்பாஸ்ட் நகரில் சிரோக்கோ என்ற பெயரில் தொழிற்சாலை தொடங்கினார். பாலைவனத்திலிருந்து அடிக்கும் வெப்பக் காற்றின் பெயர் அது. தேயிலைக்குக் காற்று ஊதப் போய், நிறையச் சிறு தகடுகளை உருளையாக அடுக்கிய ஒரு புதுவகைக் காற்றாடிக்கு 1898இல் அவர் காப்புரிமை பெற்றார். அவருடைய தொழிற்சாலைக் காற்றாடிகள்தான் 1903இல் திறந்த பெல்பாஸ்ட் றோயல் விக்டோரியா ஆஸ்பத்திரியின் வார்டுகளுக்கு ஈரப்பதம் சரிசெய்த காற்றை அனுப்பின. உலகில் முதன்முதலாகக் குளிரூட்டிய கட்டடங்களில் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. இன்று பதுளை நகரத்து வங்கிக் கிளையின் சுவரில் மாட்டியிருக்கும் ஏ.சி.க்குள் உருளுவதும் அந்தக் காற்றாடியின் வம்சம்தான். ஸ்டோருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் பொதுவான சிக்கல் ஒன்றைச் சொல்லப் போகிறேன், அதற்காகத்தான் இந்தக் கதை: இந்தக் கட்டடங்களில் பெரும்பணம் காற்றை நகர்த்துவதிலும் அதன் சூட்டை மாற்றுவதிலும் போகிறது.

காற்றாடிக்கு ஒரு விதி இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும். ஆனால் அது கேட்கும் வலு எட்டில் ஒரு பங்காக இறங்கிவிடும். வேகத்தின் மும்மடிக்கு ஏற்பத்தான் வலு ஏறும், இறங்கும். 80 சதவீத வேகத்துக்கு 51 சதவீத வலு போதும். 70 சதவீதத்துக்கு 34. வாட்டுதலின் முதல் மணிகளில் இலையின் மேல் ஈரத்தை விரட்ட நிறையக் காற்று வேண்டும். பிறகு தண்ணீர் இலைக்குள்ளிருந்து மெதுவாகத்தான் மேலே வருகிறது. அப்போது முழு வேகத்தில் ஊதுவது வீண். மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி ஒன்றை, வி.எஸ்.டி. என்பார்கள், பொருத்திவிட்டால் பின்னிரவு முழுக்கக் காற்றாடி நிதானமாகச் சுழலும், கொழுந்துக்கும் குறைவில்லை. இதில் ரகசியம் ஏதுமில்லை. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்களும் மின் பொறியியலாளர்களும் நன்றாக அறிந்த விஷயம்.

தெரிந்திருந்தும் ஏன் எல்லா ஸ்டோர்களிலும் அது இல்லை?

கருவிக்குப் பணம் இன்று வேண்டும். மிச்சம் மாதாமாதம் துளித்துளியாக வரும். 1992இல் அரசுத் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் குத்தகைக்குப் போயின. குத்தகை 53 ஆண்டு, 2045இல் முடிகிறது. ஒவ்வோர் ஆண்டு கழியும்போதும் நீண்டகால முதலீட்டுக்கான மனம் சுருங்குகிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே அடியாக 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியபோது, கடன் வாங்கிக் கருவி போடுவது கனவாகிவிட்டது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. 2023 பெப்ரவரியில் இன்னும் 66. மிச்சம் பிடிக்க வேண்டிய தேவை உச்சத்தில் இருந்த அதே நேரத்தில், மிச்சம் பிடிக்கும் கருவியை வாங்கும் பணமும் உச்ச விலைக்குப் போனது. பின்னர் கட்டணங்கள் இறங்கினாலும் அந்த இரண்டு ஆண்டுகள் காட்டிய முடிச்சு அப்படியேதான் இருக்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி, கருவியை வாங்காமலே இருப்பது. வேறொருவர் தன் பணத்தில் அதைக் கொண்டுவந்து பொருத்தி, பார்த்துக்கொள்ளட்டும். கிடைக்கும் பயனுக்கு நாம் கூலி கொடுப்போம். இப்படித் தொழில் செய்யும் நிறுவனங்களை எஸ்கோ என்கிறார்கள், வலுச் சேவை நிறுவனம். 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை இத்தகைய நிறுவனங்களைப் பதிவு செய்கிறது. பெயர் புதிது, யோசனை இருநூற்றைம்பது ஆண்டுப் பழசு.

1775இல் ஜேம்ஸ் வாட்டும் மாத்யூ போல்ட்டனும் கூட்டுச் சேர்ந்தார்கள். வாட்டின் நீராவி எந்திரம் பழைய நியூகொமன் எந்திரத்தைவிட மிகக் குறைந்த நிலக்கரியில் அதே வேலையைச் செய்தது. வாங்க வேண்டியவர்கள் கோர்ண்வால் சுரங்க முதலாளிகள். அங்கே நிலக்கரி கிடையாது, வேல்ஸிலிருந்து கப்பலில் வர வேண்டும், விலை அதிகம். போல்ட்டனும் வாட்டும் கேட்ட விலை விசித்திரமானது: எந்திரத்தை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், பழைய எந்திரம் தின்றிருக்கக்கூடிய நிலக்கரியோடு ஒப்பிட்டால் மிச்சமாகும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை, காப்புரிமை முடியும் 1800 வரை எங்களுக்குத் தாருங்கள்.

அழகான ஒப்பந்தம். சண்டை வந்த இடமும் அதேதான். புதிய எந்திரம் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதை எண்ண ஓர் எண்ணும் கருவியைப் பொருத்தி, யாரும் கை வைக்காதபடி பெட்டிக்குள் பூட்டினார்கள். புதிய எந்திரத்தை எண்ணிவிடலாம். பழைய எந்திரம் இப்போது ஓடியிருந்தால் எவ்வளவு தின்றிருக்கும் என்பதை எந்தப் பெட்டியும் எண்ணாது, ஏனென்றால் அது ஓடவே இல்லை. முதலாளிகள் தர்க்கம் பேசினார்கள், பணத்தை நிறுத்தினார்கள், வழக்குக்குப் போனார்கள். சலித்துப்போய்ப் பின்னாளில் பல சுரங்கங்கள் ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு முழுத்தொகைக்கு ஒத்துக்கொண்டன. காப்புரிமை முடிந்து சில ஆண்டுகள் கழித்து, 1811இல், ஜோயல் லீன் என்பவர் ஒவ்வொரு எந்திரமும் ஒரு மூட்டை நிலக்கரிக்கு எவ்வளவு தண்ணீர் இறைத்தது என்று மாதாமாதம் அச்சிட்டு வெளியிட ஆரம்பித்தார். எல்லோர் கணக்கும் எல்லோர் கண்ணிலும் பட்டதும் அடுத்த முப்பது ஆண்டுகளில் கோர்ண்வால் எந்திரங்களின் திறன் இரண்டு மூன்று மடங்கு ஏறியது.

நடக்காத செலவை அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். இன்று அந்த ஊகத்துக்குச் சர்வதேச நெறிமுறைகள் இருக்கின்றன: கருவி போடுவதற்கு முந்தைய ஆண்டின் பில்களை அடிப்படையாக எடுத்துக்கொள், வெயில், மழை, உற்பத்தி மாறினால் அதற்கேற்ப அடிப்படையைத் திருத்து. அலுவலகக் கட்டடத்துக்கு இது ஓரளவு சரிப்பட்டு வரும். ஊவா ஸ்டோருக்கு வரும்போது என்ன ஆகும்? போன ஆண்டு கச்சான் பலமாக அடித்தது, காற்றாடியைப் பாதி நாள் நிறுத்தி வைத்தார்கள். இந்த ஆண்டு ஆவணியில் எதிர்பாராத மழை. பில் ஏறியிருக்கிறது. எஸ்கோக்காரர் சொல்வார்: என் கருவி இல்லாவிட்டால் இன்னும் ஏறியிருக்கும். தோட்ட முகாமையாளர் சொல்வார்: பில்தான் ஏறியிருக்கிறது, எதில் பங்கு கேட்கிறீர்கள்? இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அதனால்தான் மிச்சத்தில் பங்கு என்பதைவிட, செய்த வேலைக்குக் கூலி என்ற முறை எனக்கு நேர்மையாகப் படுகிறது. ஸ்டோருக்கு மின்சாரம் வேண்டியதில்லை, வாடிய கொழுந்து வேண்டும். பண்டாரவளைக் குளிரில் ஹோட்டல் விருந்தாளிக்குக் கிலோவாட் மணி வேண்டாம், காலையில் சுடுதண்ணீர் வேண்டும். பெரியாஸ்பத்திரியின் அறுவைக் கூடத்துக்குக் குளிரூட்டும் எந்திரம் வேண்டாம், இரவும் பகலும் சரியான குளிரில் சுத்தமான காற்று வேண்டும். அந்தப் பொருளையே விலை பேசினால் என்ன? 2015இல் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் விளக்கு வாங்குவதை விட்டு வெளிச்சத்தை வாங்க ஆரம்பித்தது. விளக்குகள் பிலிப்ஸ் கம்பனிக்கே சொந்தமாக இருந்தன, பழுதானால் அவர்கள் பாடு. சிங்கப்பூரில் கேர் என்ற நிறுவனம் கட்டடங்களுக்குக் குளிரை அளந்து விற்கிறது. எந்திரமும் பராமரிப்பும் அவர்களுடையவை. இப்படிச் செய்யும்போது ஆசை இடம் மாறுகிறது. எந்திரம் விற்பவருக்கு அது சீக்கிரம் பழுதானால் இன்னொன்று விற்கலாம். குளிரை விற்பவருக்கோ எந்திரம் நீண்டநாள் உழைத்தால்தான் லாபம், குறைந்த மின்சாரத்தில் ஓடினால் இன்னும் லாபம். ஒரு பிடி அழுக்கு சேர்ந்த வடிகட்டியைத் துடைக்க யாரும் சொல்லாமலே ஆள் வருவான்.

இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய நோயும் உண்டு: கூலி வராமல் போவது. இந்தியாவில் மத்திய மின் அமைச்சின் கீழ் 2009இல் தொடங்கிய இ.இ.எஸ்.எல். நிறுவனம் 36 கோடிக்கு மேல் எல்.இ.டி. பல்புகளைக் கொடுத்து, சில ஆண்டுகளுக்குள் பல்பின் கொள்முதல் விலையையே தரைக்கு இறக்கிக் காட்டியது. தெருவிளக்குகளையும் தன் செலவில் மாற்றியது. மிச்சத்திலிருந்து திருப்பித் தர வேண்டிய உள்ளூராட்சி மன்றங்கள் பணத்தைக் கட்டாமல் நிலுவை மலையாகக் குவிந்தது. ஒருமுறை பொருத்திய விளக்கைக் கழற்றிக்கொண்டு போகவும் முடியாது, ஊர் இருண்டுவிடும்.

தோட்டத்து மக்களுக்கு இதெல்லாம் புதுப்பாடமில்லை. செய்த வேலைக்குக் கூலி என்றால் என்ன, அது எங்கே கெடும் என்பதை அவர்களுக்கு எந்தப் பொருளியலாளரும் கற்பிக்க வேண்டாம். ஒரு நாளுக்கு என்று விதித்த கிலோ அளவான நோர்மை எடுக்காவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். நோர்முக்கு மேலே எடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு. ஓய்வு நாளில் பறித்தால் கைக்காசு. எல்லாமே கொழுந்து நிறுக்கும் மடுவத்துத் தராசில் தீர்மானமாகும். அந்தத் தராசுக்குப் பக்கத்தில் ஒரு மழைநாளில் நின்று பாருங்கள். தலையில் துண்டு கட்டிய அக்கா ஒருவர் சாக்கை இறக்கி வைப்பார். முள் ஓர் எண்ணைக் காட்டும். சீட்டில் எழுதப்படுவது அதைவிடக் குறைந்த எண். சாக்குக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு. “தண்ணிக்கு நாங்களா பொறுப்பு?” என்று அவர் கேட்பது கணக்கப்பிள்ளை காதில் விழாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக வர்த்தமானியில் வந்தபோது, பல இடங்களில் நோர்ம் கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்று எழுந்த முறைப்பாடுகளும் இதே தராசைச் சுற்றித்தான். விலையைக் கூட்டினால் அளவில் பிடித்துக்கொள்ளலாம். அளவை விட்டுக்கொடுத்தால் விலையில் பிடித்துக்கொள்ளலாம்.

இதே தண்ணீரைத்தான் மேல்மாடியில் காற்றாடி விரட்டுகிறது. மடுவத்தில் தொழிலாளியின் கணக்கில் கழித்த ஈரத்துக்கு ஸ்டோரில் எஸ்கோக்காரருக்குக் கூலி கொடுக்கப் போகிறோம் என்றால், முதலாவது தராசும் இரண்டாவது தராசும் ஒரே நேர்மையில் இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். கம்பனிக்காரருக்கு முத்திரை வைத்த மின்னணு மீற்றர், கொழுந்து பறிப்பவருக்கு ஆடும் முள் என்பது கூடாது.

இனி அந்த இரண்டாவது தராசு எப்படி இருக்கும்? வாட்டிய கொழுந்து கிலோவுக்கு இவ்வளவு என்று எழுதிவிடலாம். ஆனால் கச்சான் வீசும் மாதத்தில் காற்றாடியை அணைத்து வைத்துவிட்டு, இயற்கை செய்த வேலைக்கு எஸ்கோ கூலி வாங்கும். கார்த்திகை மழையில் அதே விலைக்கு முதுகொடிய வேலை செய்து நட்டப்படும். இரண்டும் நீடிக்காது. இதற்கு விடை வாட்டு மாடியின் சுவரிலேயே தொங்குகிறது: பக்கம் பக்கமாக இரண்டு வெப்பமானிகள். ஒன்றின் குமிழ் வெறுமையாக இருக்கும். மற்றதன் குமிழில் ஈரத்திரி சுற்றியிருக்கும். திரியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது குமிழ் குளிரும். காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவு குளிரும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய காற்றின் தாகம்.

ஒரு கிலோ காற்று ஒரு பாகை குளிர்ந்தால் கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ 0.4 கிராம் தண்ணீர் ஆவியாகும். வித்தியாசம் 6 பாகை என்றால் ஒரு கிலோ காற்று 2.4 கிராம் வரை தூக்கிச் செல்லும். நாம் முதலில் பார்த்த 49 கிலோ தண்ணீருக்கு 20 தொன் காற்றுப் போதும். வித்தியாசம் 2 பாகைக்கு இறங்கிவிட்டால் அதே வேலைக்கு 60 தொன் காற்றைத் தள்ள வேண்டும், அல்லது டிரையர் பக்கத்துச் சூட்டைக் கொஞ்சம் கலக்க வேண்டும். நூறு கிலோ கொழுந்துக்கு அறுபதாயிரம் கிலோ காற்று! மும்மடங்கு பாடு. ஆகவே விலைப்பட்டியலில் கிலோவுக்கு ஒரே விலை வேண்டாம். வித்தியாசம் பெரிதாக இருக்கும் நாளில் குறைந்த விலை, சிறிதாக இருக்கும் நாளில் கூடிய விலை. கச்சான் செய்யும் வேலையின் பலன் தோட்டத்துக்கு, மழையோடு மல்லுக்கட்டும் கூலி எஸ்கோவுக்கு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சாரம் விலை கூடிய நேரம். அதற்கு முன்பும் பின்பும் காற்றாடியை எப்படி ஓட்டுவது என்பதை மின்பில் கட்டுகிற எஸ்கோவே தீர்மானித்துக்கொள்ளட்டும், விடியும்போது டீமேக்கரின் கையில் இலை சரியாக அமுங்கினால் சரி. அவர் கை நிராகரித்த கொழுந்துக்குக் கூலி இல்லை என்றும் ஒரு வரி வேண்டும்.

இன்னும் ஒரு வரி மிச்சமிருக்கிறது. ஈரத்திரியின் அடியில் ஒரு சின்னக் குப்பி தொங்கும். அதில் தண்ணீர் வற்றினால் திரி காயும், திரி காய்ந்தால் இரண்டு வெப்பமானியும் ஒரே எண்ணைக் காட்டும், வித்தியாசம் பூச்சியம். வெளியே கச்சான் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு அடித்தாலும் ஒப்பந்தத்தின் கணக்கில் அது அடைமழை நாள், ஆகக் கூடிய விலை. ஆகவே அந்தக் குப்பியை நிரப்பும் வேலை எஸ்கோக்காரருக்கும் வேண்டாம், துரைக்கும் வேண்டாம். மாலையில் கொழுந்து பரப்ப மாடிக்கு வரும் பெண்களில் ஒருவருக்கு அதைப் பொறுப்பாகக் கொடுத்து, அன்றைய இரண்டு எண்களையும் தன் கையால் கொப்பியில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லி, அதற்கென்று நாட்சம்பளத்துக்கு மேல் ஒரு கூலியையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அவர் மடுவத்துத் தராசைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வந்தவர். எந்த எண்ணை எப்படிப் பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.